முகிலனுக்கு, ஆபீஸ் போன் விஷயமாக

அன்புள்ள முகிலனுக்கு,

நீ அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் படித்தேன். வசதிகளின் பட்டியல் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்துக்கு நீள்கிறது. நம்பர் யார் பெயரில் இருக்கும் என்பது மட்டும் ஒன்றில்கூட இல்லை. ஆடிட்டர் ஆபீஸுக்கு முதலில் கேட்க வேண்டியது அதுதான் கண்ணு. மற்றதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியவை.

நீ எடுத்து நடத்தப்போகும் ஆபீஸில் 0422-இல் தொடங்கும் பழைய பி.எஸ்.என்.எல் லைன் ஒன்று இருக்கிறதே, அதை லேசாக நினைக்காதே. பழைய கிளையண்ட்களுக்கு ஆபீஸ் என்றாலே அந்த நம்பர்தான். செல்போன் என்றால் நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனியை மாற்றலாம். லேண்ட்லைனுக்கு நம் நாட்டில் அந்த வசதி இல்லை. ஒரு கம்பெனியின் லேண்ட்லைன் நம்பரை இன்னொரு கம்பெனிக்கு எடுத்துப்போக முடியாது. 'உங்கள் பழைய நம்பரையே எங்களிடம் கொண்டுவந்துவிடலாம்' என்று விற்பனைக்கு வந்த பையன் சொன்னதாக எழுதியிருந்தாய். அவன் சொல்வது அநேகமாக கால் ஃபார்வர்ட், அதாவது பழைய நம்பருக்கு வரும் அழைப்பைப் புது நம்பருக்குத் திருப்பிவிடுவது. பழைய லைனுக்கு வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஃபார்வர்ட் ஆகும் அழைப்புக்கும் தனியாகக் காசு போகலாம்.

ஆகவே முதல் வேலை, அந்த லைனைப் பழைய ஆடிட்டரின் சம்மதக் கடிதத்தோடு உன் ஃபர்ம் பெயருக்கு மாற்றுவது. அடுத்தது, செம்புக் கம்பியிலிருந்து அவர்களுடைய ஃபைபருக்கே மாறி, அதே நம்பரை வைத்துக்கொள்ள முடியுமா என்று எக்ஸ்சேஞ்சில் கேட்பது. பெரும்பாலும் முடியும். ஃபைபர் வந்தால், அது ஆபீஸில் வந்து முடியும் ஓ.என்.டி பெட்டியின் பின்னாலேயே போன் சாக்கெட் இருக்கும், நம்பர் அதில் வரும்.

கிளவுட் டெலிபோனிக்காரர்கள், அதாவது ஆபீஸில் பெட்டி வைக்காமல் தங்கள் சர்வரிலிருந்தே அழைப்பைப் பிரித்துவிடுகிறவர்கள், தரும் நம்பர் வேறு கதை. அவர்கள் ஏதாவது ஒரு டெலிகாம் கம்பெனியிடம் மொத்தமாக நம்பர் வாங்கி உனக்குப் பிரித்துத் தருகிறவர்கள். நீ விலகும் நாளில் அந்த நம்பர் அவர்களிடமே தங்கிவிடலாம். 'ஒப்பந்தம் முடிந்தால் நம்பர் எங்கள் ஃபர்ம் பெயருக்கு மாற்றித் தரப்படுமா' என்று ஈமெயிலில் கேட்டு, பதிலையும் ஈமெயிலில் வாங்கு. வாய்ச்சொல் வேண்டாம். பதில் வராவிட்டால் அந்த நம்பரை லெட்டர்ஹெட்டில் போடாதே.

இனி இன்டர்நெட் லைன். புது போன்களில் குரல் அதன் வழியாகச் சின்னச் சின்னத் துண்டாக, பாக்கெட்டாகத்தான் போகும். விற்பனைக்காரர்கள் எம்.பி.பி.எஸ் கணக்குச் சொல்லியே பேச்சை முடித்துவிடுவார்கள். குரலுக்கு அவ்வளவெல்லாம் தேவையே இல்லை. ஜி.711 என்ற வழக்கமான கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஒரு அழைப்புக்கு, பாக்கெட் தலைப்புகளையும் சேர்த்து, போக ஒரு 87 கே.பி.பி.எஸ், வர ஒரு 87. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு பக்கத்துக்கு 350-ஐத் தாண்டாது. ஜி.729 என்றால் அழைப்புக்கு 31 போதும், ஆனால் குரல் கொஞ்சம் தகரம் தட்டும். ஃபைபர் இருக்கும்போது அதைத் தொட வேண்டியதில்லை.

கெடுப்பது வேகக் குறைவு அல்ல, தாமதமும் அதன் ஏற்ற இறக்கமும்தான். உன் ஆபீஸில் நடக்கப்போவதைச் சொல்கிறேன். ஒரு பையன் ஸ்கேன் செய்த பில் கட்டை முழுவதையும் கூகுள் டிரைவில் ஏற்றுகிறான். அப்லோட் முழுக்க அடைந்து, ரூட்டரில் வரிசை கட்டி நிற்கிறது. அந்த வரிசையின் வாலில் உன் குரல் பாக்கெட்டும் நிற்கிறது. கிளையண்ட் பேசுவது உனக்குக் கணீரென்று கேட்கும், நீ பேசுவது அவருக்கு வெட்டி வெட்டிப் போகும். 'எனக்கு நன்றாகத்தானே கேட்கிறது' என்று நீ சொல்வாய், அவர் ஹலோ ஹலோ என்பார். இந்த அறிகுறி தெரிந்தால் போன் கம்பெனியைத் திட்டாதே, அப்லோடைப் பார்.

பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். வேலைநாளில் பதினோரு மணி வாக்கில், லேப்டாப்பை வைஃபையில் அல்லாமல் கேபிளில் ரூட்டரோடு இணைத்து, கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு முன்னூறு தடவை பிங் போடு, அதாவது ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை நேரம் ஆகிறது என்று பார். முதலில் லைன் சும்மா இருக்கும்போது, பிறகு ஒரு பெரிய ஃபைல் அப்லோட் ஆகிக்கொண்டிருக்கும்போது. சும்மா இருக்கையில் 20 மில்லி விநாடி காட்டியது அப்லோடின்போது 300-க்கு ஏறினால் அந்த ரூட்டர் அப்படியே உதவாது. தொலையும் பாக்கெட் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. ஏற்ற இறக்கம் 30 மில்லி விநாடிக்குள் நிற்க வேண்டும். ஒரு வழித் தாமதம் 150-க்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வைத்த அளவு. அதைத் தாண்டத் தாண்ட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

அப்லோடின்போது தாமதம் ஏறினால் தீர்வு கியூ.ஓ.எஸ், அதாவது எந்த பாக்கெட் முந்தலாம் என்று ரூட்டருக்குச் சொல்வது. அளந்து வந்த அப்லோட் வேகத்தில் 85 அல்லது 90 சதவீதத்தை ரூட்டரில் உச்சவரம்பாகப் போடு. குரல் பாக்கெட்டுக்கு டி.எஸ்.சி.பி 46 என்ற அடையாள எண்ணால் முன்னுரிமை கொடு. வரம்பு போடாமல் முன்னுரிமை மட்டும் கொடுத்தால் பலனில்லை, ஏனென்றால் வரிசை உன் ரூட்டரில் சேராமல் அதற்கு அடுத்த பெட்டியில் போய்ச் சேரும். கம்பெனி இலவசமாகத் தரும் ரூட்டர்களில் இது பல நேரம் இருக்காது. ரூட்டரை நீயே வாங்கு.

அதே ரூட்டரில் எஸ்.ஐ.பி ஏ.எல்.ஜி (எஸ்.ஐ.பி என்பது இன்டர்நெட் அழைப்பைத் தொடங்கி முடிக்கும் முறை) என்று ஒரு வசதி இருக்கும், பெரும்பாலும் ஆன் செய்தே வரும். அதை முதல் நாளே அணைத்துவிடு. உதவுவதாக நினைத்துக்கொண்டு அழைப்பு பாக்கெட்டுக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்தும், திருத்துகிறதும் தப்பாகத்தான் இருக்கும். அதனால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும், அல்லது உள்ளே வரும் அழைப்பு அடிக்காது. அழைப்பு சரியாக முப்பது முப்பத்திரண்டு விநாடியில் அறுந்தால், 'எடுத்துவிட்டார்கள்' என்ற செய்திக்கு வர வேண்டிய ஒப்புதல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அங்கேயும் முதல் சந்தேகம் ஏ.எல்.ஜி, அடுத்தது நேட், அதாவது ஒரே வெளி முகவரியை ஆபீஸ் கருவிகளுக்கெல்லாம் ரூட்டர் பங்கிடும் முறை. பதினைந்து நிமிஷத்தில் தவறாமல் அறுந்தால் அது செஷன் டைமர், அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இடையில் சரிபார்க்கும் கடிகாரம். போனிலும் சர்வரிலும் ஒரே மாதிரி வைக்கச் சொல்லி சேவைக்காரரிடம் கேள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தபின் உள்ளே வரும் அழைப்பு மட்டும் அடிக்கவில்லையா, 'நான் இருக்கிறேன்' என்று போன் சர்வருக்குச் சொல்லும் கீப்-அலைவ் இடைவெளியை 20, 30 விநாடிக்குக் குறை. அறுகிற நேரத்தைக் குறித்துவைத்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். புகார் கொடுக்கும்போது 'அடிக்கடி கட் ஆகிறது' என்று எழுதாதே, தேதி, மணி, எந்த நம்பர், எத்தனையாவது விநாடி என்று எழுது.

எத்தனை சேனல் வாங்குவது என்று கேட்டிருந்தாய். எட்டுப் பேருக்கு எட்டு வேண்டாம். சேனல் என்பது ஒரே நேரத்தில் நடக்கும் அழைப்பு. சாதாரண நாளில் மூன்று போதும், ஜூலைக் கடைசியிலும் மாதாமாதம் ஜி.எஸ்.டி கட்டும் 20-ஆம் தேதியை ஒட்டியும் நான்கோ ஐந்தோ தேவைப்படும். எஸ்.ஐ.பி டிரங்க் (பல சேனல்களை எஸ்.ஐ.பி முறையில் ஒரே இணைப்பில் தருவது) தரும் பெரிய டெலிகாம் கம்பெனிகளிடம் நான்கு கேட்டால் குறைந்தபட்சம் பத்து என்று சொல்லக்கூடும். அப்போது வாடகையைப் பத்தால் வகுத்துப் பார்த்து மயங்காதே. நீ பயன்படுத்தப் போகும் நான்கால் வகு.

கிளவுட் டெலிபோனியில் கணக்கு இன்னும் நுணுக்கம். கிளையண்ட் உன் நம்பருக்கு அடிக்கிறார், அது உன் அசிஸ்டண்டின் செல்லுக்குப் போகிறது என்றால், சர்வரிலிருந்து செல்லுக்குப் போகும் அழைப்புக்கு உன் கணக்கில் காசு. கம்ப்யூட்டரில் கிளிக் செய்து வெளியே அடித்தால் முதலில் உன் ஆளுக்கு ஒரு அழைப்பு, பிறகு கிளையண்டுக்கு ஒரு அழைப்பு, இரண்டுக்கும் காசு. பல்ஸ், அதாவது கட்டணம் கணக்கிடும் அலகு, 60 விநாடியா, 30-ஆ என்று கேள். 60 என்றால் 61 விநாடி பேசினாலும் இரண்டு நிமிஷம். இதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உனக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் யோசனை இது. உன் ஆட்களில் பாதிப் பேர் கிளையண்ட் ஆபீஸிலேயே இருப்பார்கள் என்றால் கிளவுட் டெலிபோனி பொருந்தும், மேஜை போனே வேண்டாம். எல்லோரும் உள்ளே உட்கார்ந்து வேலை செய்வார்கள் என்றால் ஆபீஸிலேயே ஒரு சின்ன ஐ.பி பி.பி.எக்ஸ் வை, வெளி லைனை மேஜை போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. கிராண்ட்ஸ்ட்ரீமின் யூ.சி.எம் 6301 போன்ற பெட்டியில் சாதாரண போன் லைனைச் சொருகும் எஃப்.எக்ஸ்.ஓ போர்ட் ஒன்று இருக்கிறது. ஓ.என்.டி-யின் போன் சாக்கெட்டிலிருந்து ஒரு வயரை அதில் சொருகினால் பழைய 0422 நம்பர் எல்லா மேஜைக்கும் வந்துவிடும். குஜராத்தின் வதோதராவில் இருக்கும் மேட்ரிக்ஸ் கம்பெனியும் இப்படிப்பட்ட பெட்டிகள் செய்கிறது. பழைய கம்ப்யூட்டரில் ஆஸ்டரிஸ்க் என்ற இலவச பி.பி.எக்ஸ் மென்பொருளைப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால், அவர் ஊரைவிட்டுப் போனபின் யார் பார்ப்பது என்று மட்டும் கேள்.

எஃப்.எக்ஸ்.ஓ-வில் ஒரு தொல்லை பெரும்பாலும் வரும். எதிராளி வைத்துவிட்ட பிறகும் லைன் பிஸியாகவே நிற்கும். அவர் வைத்ததைப் பெட்டி கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் காரணம். பெட்டி வெளிநாட்டு அமைப்பில் வந்திருக்கும். டோன் அமைப்பை இந்தியாவுக்கு மாற்று. நம் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். இந்தியா என்று தேர்ந்தெடுத்தும் நிற்காவிட்டால் இந்த எண்களைக் கையால் போடு. காலர் ஐடி வராவிட்டால் எஃப்.எஸ்.கே, டி.டி.எம்.எஃப் என்று அதை அனுப்பும் இரண்டு முறையையும் மாற்றி மாற்றிப் பார். பேங்குக்கு அடித்து 'ஒன்றை அழுத்தவும்' என்றபோது அழுத்தினது ஏறவில்லை என்றால் போனில் டி.டி.எம்.எஃப் (பட்டன் அழுத்தும் ஒலி) அனுப்பும் முறையை ஆர்.எஃப்.சி 2833-க்கு மாற்று.

மேஜை போன்களுக்கு வைஃபை வேண்டாம், கேட் 6 கேபிள் இழு. சுவிட்ச் பி.ஓ.இ உள்ளதாக வாங்கினால் ஒவ்வொரு போனுக்கும் தனி அடாப்டர் தேவையில்லை, மின்சாரம் அதே கேபிளில் போகும். இதன் உண்மையான லாபம் மின்தடை அன்றுதான் தெரியும். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலை ஒன்பதுக்கு எடுத்தால் சாயங்காலம்தான் தரும். ஓ.என்.டி, ரூட்டர், பெட்டி, சுவிட்ச், எட்டு போன் எல்லாம் சேர்த்து 60, 70 வாட் வைத்துக்கொள். எட்டு மணி நேரத்துக்கு 560 வாட் அவர். 150 ஏ.எச் பேட்டரி உள்ள சாதாரண இன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்கும், ஏ.சி-யையும் பிரின்டரையும் அதில் மாட்டாமல் இருந்தால்.

ஆனால் உன் பக்கம் மட்டும் ஓடினால் போதாது. இன்டர்நெட் தருகிறவரிடம், எக்ஸ்சேஞ்சிலிருந்து உன் ஆபீஸ்வரை ஃபைபர் நேராக வருகிறதா, இடையில் தெருவில் எங்காவது மின்சாரம் தேவைப்படும் சுவிட்ச் பெட்டி இருக்கிறதா என்று கேள். ஜி.பான் என்ற ஃபைபர் முறையில் இடையில் இருப்பது ஒளியைப் பிரிக்கும் வெறும் ஸ்ப்ளிட்டர், அதற்குக் கரண்ட் வேண்டாம். லோக்கல் ஆபரேட்டர் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் சுவிட்ச் வைத்திருந்தால், அந்த வீட்டில் கரண்ட் போனால் உன் போனும் போகும். அதற்காகத்தான், இணைப்பு அறுந்தால் அழைப்பு தானாக ஒரு செல்லுக்குப் போகும்படி சேவைக்காரரின் சர்வரிலேயே அமைத்திருக்க வேண்டும் என்கிறேன். உன் பெட்டியில் அமைத்தால் பெட்டியே செத்திருக்கும்போது யார் திருப்பிவிடுவது? 112-க்கு அடிக்க வேண்டிய அவசரத்துக்கும் ஆபீஸில் ஒரு செல்போன் எப்போதும் இருக்கட்டும்.

பாதுகாப்பில் மூன்று விஷயம். பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டையும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டையும் மாற்று, 101-க்கு 101 என்று வைக்காதே. எஸ்.ஐ.பி அழைப்புகள் வரும் 5060 போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிடாதே, அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கிற ரோபோக்கள் இரவு பகலாக உண்டு. ஐ.எஸ்.டி-யை டெலிகாம் கம்பெனியிடமே எழுதிக் கொடுத்துப் பூட்டிவிடு. திருட்டு அழைப்புகள் சனிக்கிழமை இரவு தொடங்கி, திங்கள் காலை பில்லில் தெரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே இன்டர்நெட் வழியாகச் சாதாரண நம்பருக்குப் பேசும் சேவைக்கு 2018-இல் வழி திறந்தது, ஆனால் லைசென்ஸ் உள்ள கம்பெனி வழியாக மட்டும். மலிவு என்று வெளிநாட்டு ஆப் நம்பரையோ, பல சிம்களை ஒரு பெட்டியில் போட்டு இன்டர்நெட் அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றும் சிம் பாக்ஸ் வைத்திருப்பவனையோ நாடாதே. சிம் பாக்ஸ் போலீஸ் கேஸ். நாளைக்குத் திருப்பூரில் கிளை திறந்தால், இன்டர்நெட் வழியே அழைப்பை அங்கே கொண்டுபோய் உள்ளூர் லைனில் வெளியே விடுவதற்கு முன் டெலிகாம் கம்பெனியிடம் எழுத்தில் கேள். இப்படி வெளியூர்க் கட்டணத்தைச் சுற்றிப்போகும் டோல் பைபாஸுக்கு அனுமதி இல்லை. விளம்பர அழைப்புக்கு 140 வரிசை தனியாக இருக்கிறது, உன் ஆபீஸ் நம்பரிலிருந்து அதைச் செய்தால் லைனே போய்விடும்.

ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதக் கட்டணமாகவே கட்டு, அதற்குள் ஒரு 20-ஆம் தேதி நெரிசலாவது வந்துபோகட்டும்.

பிங் போட்டு வந்த இரண்டு முடிவையும் போட்டோ எடுத்து அனுப்பு. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரையும் சேர்த்து அனுப்பு, ஏ.எல்.ஜி எந்த மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா