கூட்டெருவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள அக்காமாரே, அண்ணன்மாரே, தம்பிமாரே,

முதல் நன்றி தோட்டத்து லய வரிசை வீட்டு அக்காமாருக்கு. சமையல் கழிவு வாளியில் ஒரு ஷாம்பு பக்கற்கூடக் கலக்காமல் பிரித்துத் தந்தீர்கள். பிளாஸ்டிக் அழுகலோடு சேர்ந்து பொடிந்துவிட்டால் எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. பாதி வேலையை உங்கள் வாசலிலேயே முடித்துவிட்டீர்கள்.

நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். லீக்ஸ் தழையும் கரட் இலையும் தந்தது மட்டுமல்ல, வேர் வீங்கிய கோவாவை (முட்டைக்கோசை) ஒதுக்கியும் வைத்தீர்கள். அந்த நோயின் வித்து மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். குவியலின் குளிர்ந்த ஓரத்தில் தப்பினால் எருவோடு திரும்பவும் உங்கள் பாத்திக்கே வரும்.

மரக்கறிக் கழிவில் தண்ணீர் அதிகம். அதைத் தனியே குவித்தால் கூழாகி நாறும். ஆகவே ஒரு கூடை பச்சைக் கழிவுக்கு இரண்டு கூடை காய்ந்த மானாப் புல், இடையிடையே மாட்டெரு. புல்லை விரல் நீளத்துக்கு வெட்டித் தந்த தம்பிமாரே, காற்றோட்டம் நின்றுபோகாதது உங்களால்தான். மரத்தூள் கொஞ்சம் போதும். கூடினால் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், குவியல் சூடேறாது. மருந்தடித்த பலகைத் தூளைக் கலக்காமல் தந்த மர ஆலை அண்ணனுக்கும் நன்றி.

இந்தக் குளிரில் குவியல் ஒரு மீற்றர் உயரமும் அகலமும் இல்லாவிட்டால் சூடு நிற்காது. நடுவில் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வேண்டும். இரும்புக் கம்பியைச் செருகிச் சற்று நேரம் கழித்து இழுத்தால் கையில் பிடிக்க முடியாதபடி சுட வேண்டும். சூடு இறங்கியதும் எருவாரும் முள்ளால் புரட்ட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் காய்ந்த புல் சேர்க்க வேண்டும். மேலே மூடும் படங்கு மழைக்கு அவசியம்தான், ஆனால் அடியில் காற்றுக்கு இடைவெளி இருக்கட்டும்.

வடக்குக் கரையோரத்து உறவுகளே, கரையொதுங்கும் கடற்பாசியான சாதாளையை வெயிலில் காயவைத்து, மணலை உதறி, நைலோன் வலைத் துண்டுகளைப் பொறுக்கி அனுப்பியது சின்ன உதவி இல்லை. ஈரமாக ஏற்றியிருந்தால் வழியிலேயே அழுகி, கூழ்முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயு லொறிக்குள் நிறைந்திருக்கும். கரையில் ஒதுங்கியதை முழுவதும் வாராமல் நண்டுக்கும் பறவைக்கும் விட்டுவைத்தீர்கள். அதற்குத் தனி நன்றி.

சாதாளையைச் சரிவான பலகையில் பரப்பி ஒரு நல்ல மழை கழுவினால் உப்புப் பெரும்பகுதி போய்விடும். அதிகம் கழுவினால் பொட்டாசியமும் போய்விடும். கழுவிய நீர் நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் போகக்கூடாது. சில கபிலப் பாசிகளில் ஆசனிக் என்ற நச்சு இருப்பதால் குவியலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பதில்லை.

எரு எடுத்துப் போகிறவர்கள் பாதிக்குப் பாதி மண் கலந்து, முதலில் போஞ்சி விதை போட்டுப் பாருங்கள். போஞ்சி உப்பைத் தாங்காது. இலை ஓரம் கருகினால் அந்த எருவைப் பாத்தியில் போடாமல் எங்களிடம் சொல்லுங்கள். யூரியாவில் 46 வீதம் தழைச்சத்தான நைதரசன். கூட்டெருவில் ஒன்று, இரண்டு வீதம்தான். 2021இல் இரசாயனப் பசளை தடைப்பட்டபோது விவசாயி பட்ட பாட்டை நாம் பார்த்தோம். யூரியாவுக்கு ஈடாக இதைத் தருகிறோம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரம் பிடித்துவைக்கத் தருகிறோம்.

கரையோரத்து உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த லோட்டை உரப்பையில் கட்டாமல் வெங்காய வலைப்பையில் அனுப்புங்கள். வழியில் மழை பட்டாலும் காற்றோடி உலர்ந்துவிடும். பைகளைத் திரும்பும் லொறியிலேயே ஏற்றிவிடுகிறோம்.

இப்படிக்கு,
கூட்டெருக் கொட்டகையார்