முதலில் கடிகாரத்தை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2014-இல் நார்வேயின் டிராம்சோவில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டின் கடைசிச் சுற்றில், செஷல்ஸ் அணியின் 67 வயது வீரர் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்து உயிரிழந்தார். எல்லாச் சூழலையும் விதிகளால் முன்கூட்டியே சொல்லிவிட இயலாது என்று தன் விதிநூலின் முன்னுரையிலேயே ஒப்புக்கொள்ளும் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, மற்றதை நடுவரின் நல்லறிவுக்கு விட்டிருக்கிறது.

அண்மையில் சேலத்தில் ஒரு போட்டிக்குப் பேரனை அழைத்துச் சென்றிருந்தபோது, முதியவர் ஒருவர் குதிரையைக் கையில் பிடித்தபடியே மயங்கிச் சாய்ந்ததையும், கடிகாரத்தை நிறுத்தலாமா கூடாதா என்று தெரியாமல் எதிரே இருந்த சிறுமி அழுததையும் கண்டேன். நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். முதலுதவி தெரிந்த ஒருவரை அரங்கில் அமர்த்தாமல் இனி எவரும் போட்டி நடத்தக் கூடாது. நடுவரை உதவிக்கு அழைக்க உடனே கடிகாரத்தை நிறுத்தும் உரிமை எதிராளிக்கும் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே நடுவர்கள் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்