நீங்கள் இரண்டே பேர்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் மூன்று தடவை "என்னப்பா?" என்று கேட்டாய். நான் மெதுவாகப் பேசவில்லை. வேனில் சத்தமும் இல்லை, உன்னோடு பாடுகிறவள் தூங்குகிறாள் என்று நீதான் சொன்னாய். ராத்திரி முழுக்க அதே நினைப்பு, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பேண்டில் கிட்டார் வாசித்தவன் விலகி, டிரம்ஸ் அடிக்கும் நீயும் அவளும் மட்டும் மிஞ்சியபோது மூன்றாவது ஆளைத் தேடச் சொன்னேன். அது தப்பு. நீ அனுப்பிய ராயல் பிளட் என்ற இரண்டு பேர் பிரிட்டிஷ் ராக் பேண்டின் 2014 ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அதில் வழக்கமான கிட்டாரே இல்லை, பேஸ் கிட்டாரும் டிரம்ஸும்தான் என்பதை முதலில் நம்ப முடியவில்லை. பாடகர் மைக் கெர் தன் பேஸ் கிட்டாரின் சிக்னலை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று பேஸ் ஆம்ப்புக்கு (ஒலிபெருக்கி), இன்னொன்று பெடல் வழியாக ஒரு ஸ்தாயி மேலே ஏறி கிட்டார் ஆம்ப்புக்கு. டிரம்மர் பென் தாட்சர் எங்கே அடிக்காமல் விடுகிறார் என்று கவனி. ரிஃப்புக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்ன இசைத்துணுக்குக்கு, அவ்வளவு கனம் வருவது அங்கேதான். 2013 கிளாஸ்டன்பரி இசைவிழாவில் ஆர்க்டிக் மங்கீஸ் பேண்டின் டிரம்மர் இவர்கள் பெயர் போட்ட டி-ஷர்ட்டில் மேடையேறினார். மறு வருஷமே ஆல்பம் பிரிட்டனில் முதலிடம். 2015-ல் பிரிட்டனின் பிரிட் இசை விருதை லெட் செப்பெலின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் கையால் வாங்கினார்கள்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், அதுவும் இரண்டே பேர் பேண்டு. 2007-ல் அதன் டிரம்மர் மெக் ஒயிட்டுக்குக் கடுமையான மனப்பதற்றம் என்று சொல்லி மிச்சமிருந்த நிகழ்ச்சிகளை ரத்து செய்தார்கள். நாலு பேர் பேண்டு என்றால் வேறு ஆளை வைத்துச் சமாளிப்பார்கள். இரண்டு பேரில் ஒருத்தருக்கு முடியாவிட்டால் பேண்டே இல்லை. நிறுத்தியதுதான் சரி என்று நினைக்கிறேன்.

அவளுக்குத் தொண்டை கட்டினால் அன்றைய ஷோவை விட்டுவிடுங்கள். உனக்கு வலித்தால் அவளிடம் மறைக்காதே. போன தடவை வந்தபோது உன் நடுவிரல் டேப்புக்கு அடியில் கொப்புளம் உடைந்து ஒட்டியிருந்தது. பிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாய், நான் பார்த்தேன்.

சரி, காது விஷயம். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்குகிற காது, 100-ஐக் கால் மணி நேரம்தான் தாங்கும். உள்காதின் நுண்மயிர்கள் போனால் திரும்ப முளைக்காது. காதுக்கு அச்செடுத்துச் செய்கிற இயர்பிளக் கிடைக்கிறது. அதைப் போட்டால் சிம்பலும் கிக் டிரம்மும் மழுங்காமல் சத்தம் மட்டும் குறையும். அடுத்த வாரம் ஷோ இல்லாத நாளில் காது பரிசோதனைக்குப் போ. பணம் அனுப்புகிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா