பூசத்துக்கும் மகத்துக்கும் நடுவில்

கடலூர் மாவட்டப் பசுமைக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நெல்லிக்குப்பத்தை அடுத்த ஒரு கிராமத்தில், தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட வண்டல் நிலத்தில், ஒன்றரை ஏக்கர் கரும்பும் 14 தேனீப் பெட்டிகளும் வைத்துப் பிழைப்பவன் நான். மரம் வெட்ட அனுமதி கேட்டு வரும் மனுக்களைப் பார்ப்பதும், வெட்டியதற்கு ஈடாக எங்கே என்ன நட வேண்டும் என்று சொல்வதும் உங்கள் குழுவின் பொறுப்பு. அந்த ‘என்ன’ என்பதைப் பற்றித்தான் இந்த மடல். நிதி கேட்கவில்லை, புதுத் திட்டமும் கேட்கவில்லை. மரக்கன்றுப் பட்டியலில் பெயர், எண்ணிக்கை, இடம் என்று பத்திகள் இருக்குமல்லவா? அவற்றின் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு ‘பூக்கும் மாதம்’ என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

நம் மாவட்டத்தில் தேனீயின் ஆண்டு தை மாதத்தில் தொடங்குகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்குப் போய்விடும். அடைமழையில் தேனீ வாசலைத் தாண்டாது. இடையில் வெயில் எட்டிப் பார்த்து, அதை நம்பிப் பறந்து போனாலும் பூவில் இருப்பது மழைத்தண்ணீர்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி வந்தபோது, பெட்டிகளைத் தலைச்சுமையாக மொட்டை மாடிக்கு ஏற்றினேன். வெள்ளத்தில் ஒரு பெட்டியும் போகவில்லை. ஆனால் மார்கழிக் கடைசியில் மூடியைத் திறந்து பார்த்தபோது, ஐந்து அடையை மூடி நிற்க வேண்டிய கூட்டம் இரண்டு அடைக்குச் சுருங்கிக் கிடந்தது. புயல் வராத ஆண்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். மழைக்காலம் முடியும்போது நம் தேனீ இளைத்துத்தான் இருக்கும். தையில் அது தேற வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. வடலூரில் தைப்பூச ஜோதி காட்டும் நாளன்று ராணித் தேனீ ஒரு முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையாக 3 நாள், புழுவாக ஐந்தாறு நாள், மூடிய அறைக்குள் கூட்டுப்புழுவாகப் பத்துப் பதினோரு நாள். ஏறத்தாழ 20ஆம் நாள் வேலைக்காரத் தேனீ வெளியே வருகிறது. வந்தவுடன் பூவுக்குப் போய்விடாது. அறையைத் துடைக்கும், புழுக்களுக்கு ஊட்டும், மெழுகு கட்டும், வாசலில் காவல் நிற்கும். அதில் இன்னும் மூன்று வாரம் போய்விடும். ஆக, பூசத்தன்று இட்ட முட்டை பங்குனி பிறக்கும் சமயத்தில்தான் பூத்தேடிப் பறக்கிறது. அப்போதுதான் புங்கன் பூக்கத் தொடங்குகிறது, பின்னாலேயே வேம்பு. எங்கள் பக்கத்தில் தேன் எடுக்கும் காலமே அதுதான். பங்குனியில் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் 40 நாளுக்கு முன்பே பிள்ளை பெற்றிருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளை எதை ஊட்டி வளர்ப்பது என்பதுதான் கேள்வி.

சர்க்கரைப் பாகு கொடுக்கலாமே என்பார்கள். கொடுக்கிறேன். ரேஷன் சர்க்கரை வீட்டுக் காப்பிக்குப் போவதைவிடப் பெட்டிகளுக்குத்தான் அதிகம் போகிறது என்பது என் மனைவியின் தீராத குறை. ஆனால் பாகு வளர்ந்த தேனீயின் பசியை மட்டும்தான் ஆற்றும். புழு வளரப் புரதம் வேண்டும், தேனீக்குப் புரதம் என்றால் மகரந்தம். மகரந்தம் உள்ளே வராவிட்டால் ராணி முட்டையைக் குறைத்துக்கொள்ளும். நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு ரோஷம் வேறு அதிகம். பட்டினி போட்டால் பெட்டியிலேயே கிடந்து சாகாது. ஒரு நாள் காலை மொத்தக் கூட்டமும் கிளம்பிப் போய்விடும். வெறும் அடையும், அதில் குடியேறிய மெழுகுப் பூச்சியும்தான் நமக்கு மிச்சம்.

மாவட்டம் முழுவதும் இந்தக் கஷ்டம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பண்ருட்டி, காடாம்புலியூர், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துச் செம்மண்ணில் தை, மாசியில் முந்திரி பூக்கிறது. முந்திரியின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் எளிதில் பறக்காது. ஒரே கொத்தில் ஆண்பூவும் இருபால் பூவும் கலந்திருந்தாலும் பூச்சி வந்து தொட்டுப் போனால்தான் கொட்டை பிடிக்கும். கூடவே மாவும் பூத்து நிற்கும். அங்கே இருக்கும் தேனீக்குத் தை மாதம் கல்யாண வீடு. அந்தத் தோப்புகள் பட்ட பாடும் நமக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது சாய்ந்தது பூக்கத் தொடங்கியிருந்த முந்திரி. அந்தத் தை மாதம் அந்தப் பக்கம் போனவர்கள் மரத்தைத்தான் பார்த்து அழுதார்கள். தேனீயைப் பற்றி யார் கேட்டார்கள்?

எங்கள் பக்கம் வேறு. நெல்லிக்குப்பத்தில் கரும்பு, இன்னும் தெற்கே போனால் புவனகிரி, காட்டுமன்னார்கோயில் வரை நெல். பார்க்கப் பச்சைக் கடல் போல இருக்கும். கரும்பில் தேனீக்கு ஒன்றும் இல்லை. நெல்லில் பூக்கும் சில நாள் காலையில் கொஞ்சம் மகரந்தம் கிடைக்கும், தேன் கிடையாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்கள் பகுதியில் ஆலை இருக்கிறது, கரும்பு இருக்கிறது, இலுப்பைதான் தேடினாலும் அகப்படுவதில்லை. அதனால் ஒவ்வொரு தை மாதமும் இருட்டிய பிறகு பெட்டி வாசலைத் துணியால் அடைத்து, குட்டியானை வண்டியில் ஏற்றி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்குக் கொண்டுபோகிறேன். வண்டி வாடகை, தோப்புக்காரருக்கு இரண்டு பாட்டில் தேன், வேகத்தடையில் உடையும் அடைகள். பெட்டி வைத்திருப்பவன் தூக்கிக்கொண்டு ஓடலாம். புளிய மரப் பொந்திலும் கோயில் மதில் சந்திலும் தானாகக் கூடு கட்டி வாழும் தேனீயை யார் வண்டியில் ஏற்றுவது? உண்மையில் இந்த மடல் அவற்றுக்காக. என் 14 பெட்டி ஒரு சாக்கு.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் ஏரிக்கரையிலும் நடப்படும் கன்றுகளைக் கவனித்துப் பாருங்கள். வேம்பு, புங்கன், நாவல், பெருங்கொன்றை, மயில்கொன்றை, தூங்குமூஞ்சி. எல்லாமே நல்ல மரங்கள். புங்கன் வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்ல, வாய்க்கால் ஓரத்தில் பொரி சிதறியது போல அது பூ உதிர்க்கும் நாட்களில்தான் என் கடன் அடைகிறது. ஆனால் இவை எல்லாம் பங்குனிக்கு மேல், சித்திரை, வைகாசி என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூப்பவை. தை, மாசிக்கு என்று அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை. ஊருக்கே ஒரே நாளில் விருந்து வைத்துவிட்டு, முந்தைய 40 நாள் அடுப்பை அணைத்து வைப்பது போல. நெடுஞ்சாலை நடுவில் நட்டிருக்கும் அரளியும் காகிதப்பூவும் வருடம் முழுவதும் பூக்கின்றனவே என்று கேட்கலாம். அரளிப்பூவில் தேனே கிடையாது. காகிதப்பூவின் நிறம் நமக்குத்தான், என் தேனீக்கள் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

அந்தப் பத்தியில் ‘தை’, ‘மாசி’ என்று எழுதும்படியான மரங்கள் நம்மிடம் இல்லாமலில்லை. முருங்கை இருக்கிறது. இலவம் இருக்கிறது. இலை உதிர்ந்த வெறுங்கிளையில் தையில் பூக்கும், விடிகாலையில் அதன் அடியில் நின்றால் இரைச்சல் கேட்கும். காத்திருந்த கிளியை ஏமாற்றிய மரம் என்று பெயர் வாங்கிவிட்டது, தேனீயை அது ஏமாற்றியதில்லை. மாசியில் இலுப்பை. கரம்பிலும் ஏரி ஓரத்திலும் நுணா. ஆண் பனையின் பாளையில் காலை நேரத்தில் தேனீ மொய்ப்பதைப் பனையேறிகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பனங்கொட்டை ஊன்றும்போது, அதில் பாதி ஆண்மரமாக வந்துவிடுமே என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் நடலாம் என்றால் கிளைரிசிடியாவைச் சொல்வேன். நம் மண்ணின் மரம் இல்லை, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. அதில் எனக்கும் சங்கடம் உண்டு. ஆனால் பெரும்பாலான மண்ணில் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், ஆடு மாடு வேரோடு பிடுங்காது, வேலிக்கு வேலி, வயலுக்குத் தழை. தையிலிருந்து மாசி கடைசி வரை இலையில்லாத கிளை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளும். ஒரே நிபந்தனை, மழை முடிந்ததும் தழைக்காகக் கிளையைக் கழித்துவிடக் கூடாது. முற்றிய கிளையில்தான் பூ. வரிசையில் மூன்றில் ஒன்றைக் கழிக்காமல் விட்டால் போதும்.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்று ஈடு சொல்வது நல்ல கணக்குதான். எங்கே என்பதையும் தேனீயின் பக்கம் நின்று பாருங்கள். அடுக்குத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் மேய்கிறது. கொசுத்தேனீ அதிலும் குறைவு. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலை பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாக நான்கு வழியாகும்போது ஓரத்துப் புளியமரம் போய்விட்டது என்றால், அதற்கான பத்துக் கன்றும் 30 கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு புறம்போக்கில் வளர்ந்து பயன் யாருக்கு? கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு அழகு மரத்தை அரசு தடை செய்துவிட்டது, மகிழ்ச்சி. அதைப் பிடுங்கிய குழிகள் ஊருக்கு நடுவிலேயே இருக்கின்றன. அவற்றை முதலில் நிரப்பலாம்.

மரத்தைவிட எளிதான இன்னொன்று உண்டு, அதற்குக் குழிகூட வெட்ட வேண்டாம். ஏரிக்கரைகளில் மழைக்குப் பின் பொடுதலை படரும். குண்டூசித் தலையளவு பூ, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனுடன் தும்பை, துத்தி, கிணற்றடிப் பூண்டு. முந்திரித் தோப்புக்குக் கொண்டுபோகும் வரை, தையில் என் பெட்டிக்குள் வரும் மகரந்தத்தில் பெரும்பங்கு இவற்றிலிருந்துதான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஏரியின் கரையை, பொங்கல் முடிந்த மறுவாரம், இயந்திரம் வைத்துப் புல் பூண்டில்லாமல் வழித்தெடுத்தார்கள். தூய்மைப் பணி என்று பலகை வைத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். பத்து நாளில் என் பெட்டிகளில் மூன்று காலியாயின. யார் செய்தது என்று இங்கே எழுதப் போவதில்லை, செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. பாம்பு பயம், கரை பலவீனம் என்று அவர்கள் சொன்ன காரணங்களும் பொய்யல்ல. அதே வேலையைச் சித்திரையில் செய்திருந்தால் கரையும் சுத்தமாகியிருக்கும், என் பெட்டியும் தப்பியிருக்கும். தைப்பூசத்துக்கும் மாசி மகத்துக்கும் நடுவில் ஒரு மாதம் கரையில் கை வைக்க வேண்டாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்பலாம். இந்த இரண்டு நாளையும் நம் மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு வாக்குமூலம். அதை அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு கதியில்லாமல் என் தேனீக்கள் அதன் மஞ்சள் கதிரில்தான் பல நாள் வயிறு வளர்த்தன. பிடுங்குங்கள், பிடுங்கிய இடத்தை வெறுமையாக மட்டும் விடாதீர்கள்.

மருந்து தெளிப்பது உங்கள் குழுவின் வேலை அல்ல என்று தெரியும். ஆனால் உங்கள் குழுவுக்கும், மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் ஆட்சியர்தானே தலைமை, அதனால் எழுதுகிறேன். முந்திரியில் தேயிலைக் கொசுவுக்கும் மாவில் தத்துப்பூச்சிக்கும் பூக்கும் சமயத்திலேயே மருந்து அடிக்கிறார்கள். அடிக்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, தோப்பு அவர்களுடையது, கடனும் அவர்களுடையது. ஆனால் காலை 9 மணிக்கு, தேனீ பூவில் இருக்கும்போது அடிக்க வேண்டுமா? மாலை 5 மணிக்கு மேல் அடித்தால் பூச்சியும் சாகும், கொட்டை பிடிக்க வைக்கும் தேனீயும் பிழைக்கும். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், குளோதியானிடின் என்ற பூச்சிமருந்துகள் மூன்றையும் திறந்த வெளியில் பயன்படுத்த 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது தேனீக்காகத்தான். நம் ஊர்க் கடையில் இவற்றை விற்பவர் அந்தச் செய்தியைச் சொல்லி விற்பதில்லை.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தப் போவதாகச் சொல்லிப் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை 2022இல் தொடங்கினார்கள். அதில் நம் மாவட்டத்தின் பங்குக்கு எத்தனை லட்சம் கன்று வந்தாலும், நாற்றங்காலில் விதை போடும்போதே எது எப்போது பூக்கும் என்று யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும். கேட்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

பட்டியல் தயாரிக்கும் நாளில் கூப்பிட்டால் வருகிறேன். எங்கள் ஊரில் எந்தச் செடி எந்த வாரம் பூத்தது என்று ஒன்பது வருடமாகப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன், அதையும் எடுத்து வருவேன். கிளைரிசிடியா போத்து வேண்டுமென்றால் விலை கொடுக்க வேண்டாம், என் வேலியில் 60 மரத்துக்குக் குறையாமல் நிற்கிறது. ஆளை மட்டும் மாசி மகம் கழித்து அனுப்புங்கள். இப்போது பூவில் இருக்கிறது.

இப்படிக்கு,
நெல்லிக்குப்பம் வட்டாரத்துத் தேனீ வளர்ப்பவன்