சுந்தரத்துக்கு ஒரு பதில்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. அம்மா உன்னைப் பார்த்து "நீங்க யாரு தம்பி?" என்று கேட்டதாக எழுதியிருந்த இடத்தில், மேலே படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன். என் அப்பாவும் கடைசி இரண்டு வருடம் என்னைத் தன் தம்பி பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

அம்மாவுக்கு வந்திருக்கிற இந்த அல்சைமர் மறதி நோய் "எனக்கும் வருமா?" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். மழுப்பாமல் சொல்கிறேன். வராது என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் நீ பயப்படுகிற மாதிரி, பெற்றவளிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்குகிற வகை மிக அரிது. மூன்று மரபணுக்களில் ஏதாவது ஒன்றில் உள்ள பிழையால் வருவது அது. பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடும். நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அந்த வகை இருப்பதில்லை. அம்மாவுக்கு 78 வயதில்தானே ஆரம்பித்தது? அந்த வயதில் வருவதில் ஏபிஓஇ-4 என்ற மரபணு வகைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அதைச் சுமந்துகொண்டே கடைசிவரை தெளிவாக இருந்தவர்களும் உண்டு, அது இல்லாமலே நோய் கண்டவர்களும் உண்டு. அதற்கான பரிசோதனை உனக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முடிவு எப்படி வந்தாலும் நீ செய்ய வேண்டியது மாறப்போவதில்லை; தூக்கம்தான் போகும்.

இந்த நோயை முதலில் கண்ட கதையைச் சொல்கிறேன். 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மருத்துவமனைக்கு அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தன் பெயரை எழுதச் சொன்னால்கூடப் பாதியில் நின்றுவிடுவார். அவர் இறந்த பிறகு, 1906-இல், அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் இரண்டைக் கண்டார்: நரம்பு செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிய இழைகள். அமிலாய்டு, டௌ என்று இன்று சொல்கிற புரதங்கள் அவைதான். இந்தப் படிவு மறதி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே சேரத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் என்னை உலுக்கியது. அதாவது, நம் வயதில்.

அலுமினியத்தால் இந்த நோய் வரும் என்று பயந்து, அலுமினியப் பாத்திரங்களையெல்லாம் தூக்கிப் போட்டதாக எழுதியிருந்தாய். 1960-களில் முயல்களின் மூளைக்குள் அலுமினிய உப்பைச் செலுத்திப் பார்த்ததில் கிளம்பிய சந்தேகம் அது. அதில் உருவான இழை முடிச்சுகள் இந்த நோயில் வருகிற முறுக்கிய இழைகளே இல்லை என்று பிறகு தெரிந்தது. ஞாபகசக்திக்கென்று விற்கிற ஜின்கோ மூலிகை மாத்திரையையும் நிறுத்திவிடு. மூவாயிரம் பேருக்கு மேல் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்து, நோயைத் தடுக்கவில்லை என்று 2008-இலேயே சொல்லிவிட்டார்கள்.

எதற்குப் பலன் இருக்கிறது என்றால், கேட்கச் சாதாரணமாக இருக்கும். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் 14 காரணங்களை எடுத்துச் சொன்னது. அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் வரும் மறதி நோய்களில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, அசையாமல் உட்கார்ந்திருப்பது, தனிமை, கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு எல்லாம் அதில் வருகின்றன. நடுவயதில் காது மந்தமாவதும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது.

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். போன மாதம் போனில் பேசும்போது நீ "சரி சரி" என்று சிரித்த இடங்கள் சிரிக்க வேண்டிய இடங்கள் இல்லை, சுந்தரம். உனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

அப்பாவுக்கு வாங்கின காதுக்கருவி மேசை டிராயரிலேயே கிடந்தது. இரைச்சலாக இருக்கிறது என்றார், நாங்களும் விட்டுவிட்டோம். கத்திப் பேசுவதில் அலுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் பேசுவதையே குறைத்தோம். அவர் இருக்கும் அறையிலேயே அவரைப் பற்றி எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கருவி போட்டிருந்தால் நோயே வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். 2023-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில்கூட, ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்தவர்களிடம்தான் கருவியால் நினைவுச் சரிவு மட்டுப்பட்டது. ஆனால் அந்த மௌனத்தில் அவரைத் தனியாக விட்டது நாங்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெயர்கள் சட்டென்று வாயில் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். சற்று நேரம் கழித்து ஞாபகம் வந்துவிட்டால் பெரிதாக நினைக்காதே. வழக்கமாகச் செய்கிற வேலையில் தடுமாற்றம் வந்தால்தான் கவலை. அப்பாவுக்கு மறதிக்கு முன்னால் வரவு செலவுக் கணக்குதான் உதைத்தது. எதற்கும் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடு. அவை குறைந்தாலும் ஞாபகம் மங்கும், மருந்தில் சரியாகவும் கூடும்.

இந்த மாதத்துக்குள் காது டாக்டரிடம் நாள் வாங்கு. என்றைக்கு என்று சொன்னால் நானும் கிளம்பி வருகிறேன். அப்படியே பிரஷரும் பார்த்துவிடலாம்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். நான் யாரென்று அவருக்குத் தெரியாவிட்டாலும் சொல்.

உன்,
ராமு