உதவிக்கு அழைத்தவரைத் தண்டிக்காதீர்கள்: துணைவேந்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

விடுதியில் சேரும்போது மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் போதை பற்றி வழக்கமாக ஒரே வரிதான் இருக்கும்: மதுவோ போதைப்பொருளோ பயன்படுத்தினால் முன்னறிவிப்பின்றி நீக்கம். தடை இருக்கட்டும். 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கவே கூடாது என்பது மாநிலத்தின் விதி. இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள். வளாகத்துக்குள் கஞ்சா விற்பவனைத் தயங்காமல் போலீசில் ஒப்படையுங்கள். ஆனால் அந்த ஒற்றை வரி நள்ளிரவில் ஒரு விடுதி அறைக்குள் என்ன செய்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒரு பையன் அளவுக்கு மீறிக் குடித்து நினைவு தப்பிக் கிடக்கிறான். அறைத் தோழர்கள் முதலில் கதவைத் தாழிடுகிறார்கள். முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள், மோர் புகட்டப் பார்க்கிறார்கள், பிறகு மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, தூங்கினால் தெளிந்துவிடும் என்று விளக்கை அணைக்கிறார்கள். நினைவில்லாதவனுக்கு எதையும் புகட்டக் கூடாது. மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கி உயிரையே பறிக்கலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அழைக்கத்தான் அஞ்சுகிறார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் காவலாளி பதிவேட்டில் எழுதுவார், காலையில் விசாரணை, ஊரிலிருந்து அப்பா வரவழைக்கப்படுவார், குடித்தவனோடு அறையிலிருந்த எல்லோருக்கும் மாற்றுச் சான்றிதழ் கிடைக்கும். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை இதையெல்லாம் நினைத்துத்தான் கையிலிருக்கும் போனைக் கீழே வைக்கிறான். விடுதிப் பொறுப்பில் இருந்த காலத்தில், விடிந்த பிறகே என்னிடம் வந்து சொன்ன மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "டிசி கொடுத்துவிடுவீர்கள் சார்."

நாட்டின் சட்டம்கூட இவ்வளவு இறுக்கமாக இல்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் கடுமைக்குப் பெயர்போனது. அதன் 27-ஆம் பிரிவு, பயன்படுத்துபவருக்கே சிறைத்தண்டனை விதிக்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவோ, போதைக்கு அடிமையாகி அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆளான ஒருவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். நாடாளுமன்றம் திறந்துவைத்த கதவை விடுதி விதி ஏன் அடைக்க வேண்டும்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-லேயே, குடித்து மயங்கியவருக்காக உதவி கேட்டவர்மீது நடவடிக்கை இல்லை என்று விதி செய்தது. அதன்பின் உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடின. நம் ஊரில் இதற்குப் புதுக் கட்டடமோ நிதி ஒதுக்கீடோ வேண்டாம், ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

ஆபத்திலிருப்பவருக்காக ஆம்புலன்ஸையோ காப்பாளரையோ அழைத்த மாணவர்மீதும், சிகிச்சைக்குத் தானாக வந்தவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. நடத்தைச் சான்றிதழில் ஒரு சொல்லும் ஏறாது என்று எழுத்தில் கொடுங்கள். வாய்மொழி உறுதியைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், நம்பச் சொல்வதும் நியாயமில்லை. சிகிச்சையில் கழியும் வாரங்களை மருத்துவ விடுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். 75 சதவீத வருகைப்பதிவு இல்லையென்று தேர்வு எழுத விடாமல் நிறுத்தினால், மீண்டு வந்தவனை மறுபடி வாசலில் நிறுத்துவதாகிவிடும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐ அறிவிப்புப் பலகையோடு விடாமல் ஒவ்வோர் அறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள்.

வரும் கல்வியாண்டின் சேர்க்கைப் படிவங்கள் அச்சுக்குப் போகும் முன்பே இதை ஆட்சிக்குழுவின் முன் வையுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் விடுதிக் காப்பாளர் ஒருவர்