பேரனின் இடுப்பு மூட்டு பற்றி வவுனியா நண்பனுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்து ஐந்து நாளாகிறது. அப்பாவுக்கு ஆடி அமாவாசை விரதம், மறுநாள் மூத்தவளின் குடும்பம் வந்து நின்றது என்று உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. இங்கே கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது. முற்றம் கூட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி மணல். கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இடது கண்ணுக்குக் கடலின் நீலம் புதிதாகத் தெரிகிறது. இத்தனை வருடமும் ஒரு மஞ்சள் திரைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

என் புதினம் அவ்வளவுதான். உன் பேரனைப் பற்றி நீ எழுதிய நாலு வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டரை வயதாகியும் யாராவது பிடித்துக்கொள்ளாமல் உட்கார மாட்டான், பெருமூளை வாதம் என்று சொல்லிவிட்டார்கள், கிழமைக்கு ஒரு முறை பயிற்சிக்குக் கொண்டுபோகிறோம், கடவுள் புண்ணியத்தில் வலி ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரிதான் என்னை உறங்கவிடவில்லை.

பேரனின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்களா? நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மகளிடமும் மருமகனிடமும் கொடு.

முப்பது வருடம் எக்ஸ்ரே அறையில் நின்றவன் நான். எத்தனையோ படம் எடுத்தேன், பெரும்பாலானவை மறந்துபோயின. ஒன்று மறக்கவில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது, அதற்கு முன் எல்லோரும் பாதை என்கிற மிதவைப் படகில்தான் கடந்து வருவார்கள், உனக்குத் தெரியுமே. அந்தக் காலத்தில் அக்கரையிலிருந்து ஒரு தாய் ஏழு வயது மகனைக் கொண்டுவந்தாள். உன் பேரனுக்கு இருக்கும் அதே வாதம். இரவு இரவாக அழுகிறான், உடுப்பு மாற்ற விடுகிறான் இல்லை என்றாள். படத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். இடது தொடை எலும்பின் பந்து போன்ற தலை, அது பொருந்தி நிற்க வேண்டிய இடுப்பெலும்புக் கிண்ணத்தில் இல்லை. மேலே ஏறி, இடுப்பெலும்பின் பக்கவாட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

அந்தத் தாய் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. "ஐயா, முந்தி இவனை இடுப்பில் வைத்துத்தான் தூக்குவேன். இரண்டு வருடமாகக் கால் சுற்றி வருகுதில்லை. குறுக்காலேதான் தூக்க வேண்டியிருக்கிறது." இரண்டு வருடமாக அவளுடைய இடுப்பே அந்த மூட்டு நழுவுவதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பையனை நானும் பல தடவை விறாந்தையில் கண்டிருக்கிறேன். நெஞ்சுச் சளிக்கு ஒரு முறை நானே படமும் எடுத்திருக்கிறேன். ஒரு சாண் கீழே ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்தப் பிள்ளைகளின் இடுப்பை ஒழுங்காகப் படம் பிடித்து அளக்க வேண்டும் என்பதை நான் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

விளக்கமாகச் சொல்கிறேன். பிறக்கும்போது இந்தப் பிள்ளைகளின் இடுப்பு மூட்டு மற்றப் பிள்ளைகளுடையதைப் போலவே இருக்கும். பழுது மூளையில், மூட்டில் அல்ல. ஆனால் தொடையின் உட்பக்கத் தசைகளும் இடுப்பை மடக்கும் தசையும் இறுகி, நாள் முழுக்கக் காலை உள்ளே இழுக்கின்றன. பிள்ளை எழுந்து நின்று காலில் பாரம் கொடுத்தால்தான் கிண்ணம் ஆழமாகும், தொடை எலும்பின் கழுத்தும் வளைந்து தன் கோணத்துக்கு வரும். நிற்காத பிள்ளைக்குக் கிண்ணம் தட்டையாகவும் கழுத்து நிமிர்ந்தும் போகிறது. தொடை எலும்பின் தலையான பந்து மெல்ல மெல்ல வெளியே வருகிறது. மெல்ல என்பதால்தான் வலிப்பதில்லை. வலி வரும் நாளில் பெரும்பாலும் குருத்தெலும்பு தேய்ந்து, பந்தின் வடிவமே கெட்டுப்போயிருக்கும். பிறகு பிள்ளையால் கதிரையில் நேரே இருக்க முடியாது, இடுப்பு ஒரு பக்கம் சாயும், முதுகெலும்பு வளையும், கழுவித் துடைப்பதே தாய்க்கு ஒரு போராட்டமாகிவிடும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. 1997இல் கனடாவில் இந்தப் பிள்ளைகளின் நடமாட்டத்தை ஐந்து நிலையாகப் பிரித்தார்கள், ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பார்கள். ஒன்று என்றால் தானாக நடந்து ஓடுகிற பிள்ளை. ஐந்து என்றால் தலையை நிமிர்த்திப் பிடிக்கவே பாடுபடுகிற பிள்ளை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் எல்லா நிலைப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள்: மொத்தத்தில் நூற்றுக்கு 35 பேருக்கு இடுப்பு விலகியிருந்தது. முதல் நிலையில் ஒருவருக்கும் இல்லை. ஐந்தாம் நிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். உன் பேரன் எந்த நிலை என்று மகளிடம் கேள். நீ எழுதியதைப் பார்த்தால் நான்கு அல்லது ஐந்து போலத் தோன்றுகிறது, ஆனால் அதைப் பயிற்சி கொடுக்கும் இயன்மருத்துவர் வாயால் கேட்பதே சரி.

கையால் காலை விரித்துப் பார்த்து இந்த விலகலைப் பிடித்துவிடலாம் என்று நம்பாதே. கால் நன்றாக விரிகிற பிள்ளைக்கும் மூட்டு விலகியிருக்கக்கூடும். படம் ஒன்றுதான் வழி. அந்தப் படத்தையும் சரியாக எடுக்க வேண்டும், இதில்தான் என் தொழில்காரர்கள் பலர் அவசரப்படுவார்கள். பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, இரண்டு முழங்கால் சில்லும் முகட்டைப் பார்க்கும்படி கால்களைப் பிடிக்க வேண்டும். கால்கள் விரிந்தும் இருக்கக்கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் இருக்கக்கூடாது. இந்தப் பிள்ளைகளுக்கு இடுப்புத் தசை இறுகியிருப்பதால் காலை நீட்டியதும் முதுகு மேசையை விட்டு வில்லாக எழும்பும். அப்படி எடுத்த படம் பொய் சொல்லும். முழங்காலுக்குக் கீழே ஒரு துவாயை மடித்து வைத்தால் முதுகு மேசையில் படியும். மகள் ஈயக் கவசம் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தால் பிள்ளையும் இறுக மாட்டான். துவாயை வீட்டிலிருந்தே கொண்டுபோகச் சொல்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. இரு பக்கக் கிண்ணங்களின் அடியில் இருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்புகளைத் தொட்டுக் கிடையாக ஒரு கோடு. கிண்ணத்தின் வெளி விளிம்பிலிருந்து அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. பந்தின் அகலத்தில் எவ்வளவு அந்தச் செங்குத்துக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது என்பதுதான் கணக்கு. பந்து 32 மில்லிமீற்றர், அதில் 8 வெளியே என்றால் 25 வீதம். ஆறு மாதம் கழித்து 33இல் 13 வெளியே என்றால் 39 வீதம், மூட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 1980இல் டென்மார்க்கின் ரைமர்ஸ் என்ற வைத்தியர் விளக்கிய முறை இது. மைக்ரேஷன் பெர்சன்டேஜ் என்பார்கள். 30ஐத் தாண்டினால் விலகல் என்று எடுத்துக்கொண்டு எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். 40ஐத் தாண்டினால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குவார்கள். நேரத்தோடு கண்டால் தசையை நீட்டிவிடுவதோடு சிலருக்குப் போதும்; பிந்தினால் தொடை எலும்பை வெட்டித் திருப்பி வைக்க வேண்டிவரும், கிண்ணத்தையும் சீராக்க வேண்டிவரும். அந்தக் கிண்ணியாப் பிள்ளைக்கு அந்தக் கட்டமும் கடந்துபோயிருந்தது. வலியைக் குறைப்பதற்கு மட்டுமே வழி இருந்தது.

அவுஸ்திரேலியாவின் வழிகாட்டி முதல் படத்தை 12 முதல் 24 மாத வயதுக்குள் எடுக்கச் சொல்கிறது. உன் பேரன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். மூன்று, நான்கு, ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்கு அளவு நிலைத்து நிற்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை, எலும்பு வளர்ந்து முடியும்வரை. கதிர்வீச்சுக்கு மகள் பயப்படுவாள். இடுப்புக்கு எடுக்கும் ஒரு படத்தின் அளவு சிறியது; பயந்து எடுக்காமல் விடுவதன் கேடு எத்தனையோ மடங்கு பெரியது. நான் என் சொந்தப் பேரப்பிள்ளைக்கு எடுத்திருப்பேன் என்று அவளிடம் சொல்.

சுவீடனின் தெற்கில் 1994இல் இப்படி ஒவ்வொரு பிள்ளையையும் பதிவு செய்து பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் நூற்றுக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மூட்டு முழுதாகக் கழன்றுபோகும். முதல் பத்து வருடத்தின் கணக்கில் அது 0.5 ஆக இறங்கியிருந்தது. புது மருந்து கண்டுபிடித்ததால் அல்ல மச்சான். ஒழுங்காகப் படம் எடுத்து, அளந்து, நேரத்தோடு சத்திரசிகிச்சை செய்தார்கள். படம் எடுக்கும் இயந்திரம் எங்கள் மாவட்ட வைத்தியசாலைகளிலும் இருக்கிறது. கேட்பதற்கு ஒரு தாய் வேண்டும், எழுதிக் கொடுப்பதற்கு ஒரு வைத்தியர் வேண்டும்.

பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். பயிற்சி மட்டும் மூட்டைப் பிடித்து வைக்காது, ஆனாலும் அது வேண்டும். தங்கச்சி எண்ணெய் பூசிக் காலை உருவிவிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். மெல்ல உருவட்டும், பிள்ளைக்கு அது சுகமாக இருக்கும். காலை மட்டும் பலவந்தமாக விரிக்க வேண்டாம் என்று சொல். நிற்காத பிள்ளைகளின் எலும்பு பலம் குறைந்தது. இன்னுமொன்றும் அவளிடம் கேள்: அவனை இடுப்பில் வைத்துத் தூக்கும்போது இரண்டு காலும் ஒரே மாதிரிச் சுற்றி வருகின்றனவா? ஒன்று முன்னையைவிட இறுகியிருந்தால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

படம் எடுத்ததும் நீயும் மருமகனும் ஹொரவப்பொத்தானை பஸ்சில் ஏறி வாருங்கள். முடிவு சொல்ல வேண்டியவர் நிபுணர்தான், ஆனாலும் நானும் ஒரு முறை கோடு போட்டுப் பார்க்க வேண்டும். பழைய வெளிச்சப் பெட்டி இன்னும் என் அறையில் இருக்கிறது, குமிழ் நேற்றுத்தான் மாற்றினேன். படத்தை உருட்டவோ மடிக்கவோ வேண்டாம். இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, மூலையில் திகதி எழுதிக் கொண்டுவா. அடுத்த ஆறாம் மாதப் படத்தை அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்